படியும் பதவியும்

தமிழ் இலக்கிய வரலாற்றிலே இரட்டைப் புலவர் என்று வழங்கப்பெறும் இருவர் உளர். இளஞ்சூரியர், முதுசூரியர் என்பன அவர்தம் பெயர்கள். ஒருவருக்குக் கண்பார்வை இல்லை. மற்றவருக்குக் கால் வழங்கவில்லை. பார்வையில்லாதவர் நடக்கவியலாதவரைத் தோளிலே சுமந்து சென்றார். தோளில் இருந்தவர் வழியைச் சொல்லிக்கொண்டு வந்தார். இவ்வண்ணம் ஊர் ஊராகச் சென்று, செய்யுளின் முற்பாதியை ஒருவர் கூறப் பிற்பாதியை மற்றவர் முடித்துப் பாடினர் என்பது வழிவழி வந்த செய்தி. தில்லைக் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா ஆகிய நூல்கள் அவர்கள் பெயரால் இன்றும் நிலவுகின்றன.

இச்செய்தியைக் கேட்போருட் சிலர் அவர்தம் குறையை எண்ணி இரங்குவர். சிலர் புலமையை எண்ணி வியப்பர். அவ்விருவரும் தமக்குள்ளே செய்துகொண்ட ஏற்பாட்டை நோக்குவோர் குறைவு. பார்வையில்லாதவருக்குப் பார்வை வரவில்லை; நடக்கவியலாதவருக்குக் கால் வரவில்லை. இருந்தும் அவர்களுடைய தொழில் தடையின்றி நடந்தது. தொழிலுக்கு இன்றியமையாதது யாது, அதற்கு வேண்டிய உதவி யாது என்று கண்டு, அவ்வுதவியை ஒழுங்கு செய்துகொண்டமையே அதற்குக் காரணம். வலது குறைந்தோருக்கு வேலைத்தலங்களிற் செய்யவேண்டிய வசதிகளைப் பற்றி உலக நாடுகள் இன்று இயற்றியிருக்கும் சட்டங்களெல்லாம் இந்த ஏற்பாட்டையே வேறு சொற்களிற் கூறுகின்றன.

இத்தகையோரைக் குறிக்கும் பெயர் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. முன்னர் அங்கவீனர் என்றனர். பின்னர் ஊனமுற்றோர் என்றனர். இலங்கையில் வலது குறைந்தோர் என்ற சொல் நெடுங்காலம் வழங்கியது. இப்பொழுது மாற்றுத்திறனாளிகள் என்பது பெருவழக்காயிற்று. இழிவு தோன்றாத பெயரால் ஒருவரை அழைப்பது நாகரிகமே. ஆனால், நல்ல பெயரைச் சூட்டிவிட்டுப் பழைய வாசலிலேயே அவரை நிறுத்தி வைப்பதாயின் அந்நாகரிகம் நாவளவில் நின்றுவிடும். பெயர் மாறிய வேகத்திலே படிகள் மாறவில்லை என்பதே வருந்தத்தக்க உண்மை.

இவர்கள் எண்ணிக்கையிற் சிலரென்று கருதுவோரும் உளர். 2012 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்போது, 5 வயதும் அதற்கு மேலும் உள்ளோரைக் குறித்து, பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவிற் கொள்ளுதல், தம்மைத் தாமே பராமரித்தல், பிறருடன் தொடர்பாடுதல் ஆகிய ஆறினுள் எதிலேனும் இடர்ப்பாடு உண்டா என்று வினவப்பட்டது. ஏறக்குறைய 16 இலட்சம் பேருக்கு, அதாவது நூற்றுக்கு 8.7 பேருக்கு, அத்தகைய இடர்ப்பாடு இருப்பதாகத் தெரியவந்தது. இவர்களுள் முதியோரும் அடங்குவர். எனினும், பன்னிரண்டு பேரில் ஒருவரைத் தொடும் ஒரு விடயத்தைச் சிறுபான்மையோர் சிலரின் குறையென்று ஒதுக்கிவிட முடியாது.

கல்வித் துறையிலே இந்நாடு தொடக்கத்திற் பின்தங்கி நிற்கவில்லை. மேரி சப்மன் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் முயற்சியால் 1912 ஆம் ஆண்டில் தொடங்கிய செவிப்புலனற்றோர், பார்வையற்றோர் பாடசாலை இரத்மலானையிலே நிலைபெற்றது. 1956 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை தோன்றித் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி தந்தது. பிரான்சிலே, தந்தையின் தொழிற்கூடத்தில் ஊசி குத்திச் சிறு வயதிலேயே பார்வையை இழந்த லூயி பிறெயில், 1824 ஆம் ஆண்டில், தம் 15 ஆம் வயதில், ஆறு புள்ளிகளைக் கொண்டு வகுத்த எழுத்துமுறை, கடல் கடந்து வந்து தமிழெழுத்தையும் விரல் நுனியிற் கொண்டுவந்து சேர்த்தது. அவ்வழியே கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்து பட்டம் பெற்றோரும் ஆசிரியரானோரும் பலர்.

இடர்ப்பாடு அதற்கு அடுத்த படியிலேதான் தொடங்குகின்றது. பாடசாலை இவர்களுக்கென அமைக்கப்பட்டது. அலுவலகமோ இவர்களை எண்ணாது அமைக்கப்பட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அரிதின் முயன்று கற்ற ஒரு பிள்ளை, சான்றிதழைப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுத் திண்ணையில் அமர்வதாயின், அக்கல்விக்காக அரசாங்கமும் பெற்றோரும் பட்ட பாடு முழுவதும் வீணாகின்றது. பெற்றோர் உள்ளவரை உணவு கிடைக்கும். அவர்களுக்குப் பின் யாதாகும் என்னும் கேள்வி, அத்தகைய ஒவ்வோர் இல்லத்திலும் இரவு வேளைகளில் எழும் கேள்வியாகும். சமூக சேவை அதிகாரிகள் வழியாகக் கிடைக்கும் மாதாந்த உதவிப்பணம் வேண்டற்பாலதே. ஆனால், உழைத்து உண்ணும் ஆற்றலுடையவருக்கு உதவிப்பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு உழைப்பை மறுப்பது கருணை ஆகாது.

பிற நாடுகள் இவ்விடயத்திற் கற்றுக்கொண்ட பாடம் பயனுள்ளது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்னரே, 1944 ஆம் ஆண்டில், பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள், நூற்றுக்கு 3 இடங்களை வலது குறைந்தோருக்கு வழங்கவேண்டும் என அச்சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்டது. நோக்கம் நன்று. ஆனால், இவர்களுக்கென்றே தனியாக ஒதுக்கப்பட்ட தொழில்கள் இரண்டே. ஒன்று, மின்தூக்கியை இயக்குபவர் வேலை. மற்றையது, மோட்டார் வாகனத் தரிப்பிடத்தைக் காப்பவர் வேலை. இவர்களால் யாது இயலும் என்று அக்காலத்தார் கருதினர் என்பதற்கு இதுவே சான்று. விகிதத்தை நிறைவேற்றாத நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது மிக அரிது. ஐம்பது ஆண்டுகள் பெயரளவில் இருந்த அவ்விகித முறை, 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கைவிடப்பட்டது. அதனிடத்திலே, வேலைகொள்வோர் நியாயமான மாற்றங்களைச் செய்துகொடுத்தல் வேண்டும் என்னும் கடமை வந்தது.

ஐக்கிய அமெரிக்காவிலும் 1973 ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறக்க, 1990 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தனியார் நிறுவனங்களுக்கும் விரித்தது. 2006 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 13 ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட சமவாயம், இக்கருத்தை உலகப் பொதுவாக்கியது. ஒருவருக்கு வேண்டிய நியாயமான வசதியைச் செய்துகொடுக்க மறுப்பதும் பாரபட்சமே என்று அச்சமவாயம் கூறுகின்றது. வேலைக்கு வராதே என்று ஒருவரைத் தள்ளுவதும், வா என்று அழைத்துவிட்டு ஏற முடியாத படியைக் காட்டுவதும் ஒன்றே என்பது அதன் பொருள்.

இலங்கை அச்சமவாயத்தில் 2007 ஆம் ஆண்டிற் கைச்சாத்திட்டு, 2016 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அதனை உறுதி செய்தது. அதற்கு முன்னரும் இங்கே ஏற்பாடுகள் இல்லாமலில்லை. 1988 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கை, அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் நூற்றுக்கு 3 வெற்றிடங்களைத் தகுதியுடைய வலது குறைந்தோருக்கு வழங்குமாறு பணித்தது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கு ஆட்சேர்க்கும்போதும் கல்வி நிலையங்களில் அனுமதிக்கும்போதும் இவர்களுக்குப் பாரபட்சம் காட்டலாகாது என விதித்தது. 2006 ஆம் ஆண்டிற் பிறப்பிக்கப்பட்ட ஒழுங்குவிதிகள், பொதுமக்கள் வந்துபோகும் கட்டிடங்களில் இவர்கள் தடையின்றிப் புகுவதற்கான வசதிகளை வரையறுத்து, முன்பே இருந்த கட்டிடங்களுக்கு மூன்றாண்டுத் தவணையும் கொடுத்தன.

தவணை சென்றது, படிகள் நின்றன. அந்நிலையிலே 2009 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தை நாடியவர் கலாநிதி அஜித் பெரேரா. அவர் இரசாயன அறிஞர். கிரிக்கெட் நடுவராகவும் பெயர் பெற்றவர். 1992 ஆம் ஆண்டில் அவர் சென்ற மோட்டார் வண்டியின்மீது வீதியோர மரமொன்று விழுந்தமையால், அன்று தொடக்கம் சக்கர நாற்காலியே அவருக்குத் துணையாயிற்று. 2011 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 27 ஆந் திகதி உயர் நீதிமன்றம் அளித்த கட்டளை, புதிதாக எழும் பொதுக் கட்டிடங்கள் அவ்வொழுங்குவிதிகளுக்கு அமைதல் வேண்டும் என வலியுறுத்தியது. நேற்று மைதானத்தில் நின்று தீர்ப்புச் சொன்னவர், மறுநாள் ஒரு கட்டிடத்தினுள் நுழையவும் வழக்காட நேர்ந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

சட்டம் உண்டு, சுற்றறிக்கை உண்டு, தீர்ப்பும் உண்டு. இனி வேண்டுவது, ஒவ்வோர் அலுவலகத்தின் உள்ளும் நிகழவேண்டிய சிறு காரியங்கள். ஒரு கச்சேரியை உதாரணமாகக் கொள்ளலாம். பார்வையற்ற பட்டதாரி ஒருவர் அங்கே எழுதுவினைஞராக நியமனம் பெற்று வருகின்றார். மேலதிகாரி நல்லவர், அன்போடு வரவேற்று, நாற்காலி ஒன்றைக் காட்டி, "நீங்கள் சிரமப்பட வேண்டாம், ஆறுதலாக இருங்கள்" என்று கூறுகின்றார். மாதங்கள் செல்கின்றன. அவரிடம் ஒரு கோப்பும் வருவதில்லை. சம்பளம் வருகின்றது, வேலை வருவதில்லை. சில காலத்துக்குப் பின், "இவர்களால் ஒன்றும் ஆகாது" என்று சக ஊழியர் பேசத் தொடங்குகின்றனர். விகிதப்படி ஓரிடம் நிரப்பப்பட்டுவிட்டது. ஒரு மனிதரின் ஆற்றல் புதைக்கப்பட்டும் விட்டது. அன்பான அந்த மேலதிகாரி தாம் செய்தது தீங்கென்று கனவிலும் எண்ணமாட்டார்.

அவர் செய்திருக்கக்கூடியது யாது? கணினித் திரையிலுள்ள எழுத்துக்களைக் குரலாக வாசிக்கும் மென்பொருள்கள் இன்று உள்ளன. அவற்றுள் ஒன்றை 2006 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிலே தொடங்கி வைத்தவர், மைக்கேல் கறன் என்னும் பார்வையற்ற இளைஞர். என்விடிஏ என்று வழங்கும் அம்மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது, தமிழையும் வாசிக்கின்றது. ஆனால், அலுவலகத்தார் தம் கடிதங்களைப் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலே தட்டெழுதினால், அம்மென்பொருள் பொருளற்ற ஒலிகளையே எழுப்பும். அவ்வெழுத்துருக்கள் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், கணினியினுள்ளே ஆங்கில எழுத்துக்களின் குறியீடுகளாகவே பதிவாகின்றமையே காரணம். அதே கடிதத்தை ஒருங்குறியில் தட்டெழுதினால் தெளிவாக வாசிக்கும். சுற்றறிக்கையைப் படம்பிடித்து அனுப்புவதற்குப் பதிலாக எழுத்து வடிவில் அனுப்பினாலும் அவ்வாறே. இவ்விரண்டிற்கும் ஒரு சதமும் செலவில்லை. ஓர் அலுவலகம் தன் தட்டெழுத்துப் பழக்கத்தை மாற்றிக்கொண்டால், ஒருவர் நாற்காலியைச் சூடாக்குபவராக இராது கோப்புகளை நடத்துபவராக ஆகின்றார்.

செவிப்புலனற்ற ஒருவர் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்பாராயின், அபாய மணியோடு ஒரு சிவப்பு விளக்கும் மின்னுமாறு இணைத்தல் வேண்டும். கட்டளைகளை வாயாற் சொல்வதோடு அமையாது எழுதியும் கொடுத்தல் வேண்டும். பேசுவோர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாது அவரைப் பார்த்துப் பேசவேண்டும். சைகை மொழியிற் பத்துப் பதினைந்து குறிப்புகளையேனும் சக தொழிலாளர் கற்றுக்கொள்ளல் நன்று.

சக்கர நாற்காலியில் வருபவருக்கோ வாசலே முதற் சோதனை. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளப் பாதைக்கு உலகிற் பெரும்பாலும் கைக்கொள்ளப்படும் அளவு. ஆறங்குலப் படியொன்றைக் கடக்க ஆறடி நீளமான சாய்தளம் போதும். இதனை அறியாது, பெயருக்கு ஒரு செங்குத்தான சீமெந்துச் சறுக்கலைக் கட்டிவிடுவதால் எவருக்கும் பயனில்லை. அதில் ஏறுபவர் பின்னோக்கி உருளுவார். மேல்மாடியிலுள்ள அவரது மேசையைக் கீழ்மாடிக்கு இறக்கினால் மின்தூக்கியும் தேவைப்படாது. மலசலகூடத்தின் கதவு நாற்காலி புகும் அகலமுடையதாக இருத்தல் இன்றியமையாதது. அது இல்லாதபோது, காலை தொடக்கம் மாலை வரை நீர் அருந்தாது வேலை செய்ய நேர்வதும் உண்டு. இக்கொடுமை எந்த அறிக்கையிலும் எளிதில் இடம்பெறுவதில்லை.

வசதி என்பது எப்பொழுதும் பொருளாகவே இருப்பதன்று, நேரமாகவும் இருக்கலாம். வலிப்பு நோயோ மனநோயோ உள்ளவருக்கு மருத்துவமனை செல்லும் நாளில் விடுப்பு, நெரிசல் மிக்க பஸ்ஸைத் தவிர்க்கும்பொருட்டு அரைமணி நேரம் முந்தியோ பிந்தியோ வந்துபோகும் அனுமதி, வேலையைச் சிறு சிறு பகுதிகளாக்கி விளக்கிச் சொல்லும் பொறுமை ஆகியனவும் வசதி ஏற்பாடுகளே.

கருவி மனிதனுக்கு ஏற்பவே அமைதல் வேண்டும் என்பதற்கு ஜெய்ப்பூர்க் கால் ஒரு நல்ல சான்று. மேனாட்டுச் செயற்கைக் கால்கள் சப்பாத்து அணிந்து நடப்போருக்கென ஆனவை. சம்மணமிட்டு அமர்வோருக்கும், வெறுங்காலோடு வயலில் இறங்குவோருக்கும் அவை உதவவில்லை. 1968 ஆம் ஆண்டளவில் ஜெய்ப்பூரிலே ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும், மருத்துவர் சேத்தியும் இணைந்து, இறப்பரைக் கொண்டு ஒரு பாதத்தை உருவாக்கினர். அது வளைந்தது, சேற்றில் நடந்தது, குந்தியிருக்க இடங்கொடுத்தது. போரில் காலிழந்த பலருக்கு யாழ்ப்பாணத்திலும் அக்கால் பொருத்தப்பட்டது. மருத்துவரும் கைவினைஞரும் முதலில் கேட்ட கேள்வி, இம்மனிதர் நாள்தோறும் செய்யும் வேலை யாது என்பதே. வேலைகொள்வோர் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவே.

இவற்றைக் கேட்கும் முதலாளிமார் எழுப்பும் ஆட்சேபங்கள் சில உண்டு. செலவு மிகும் என்பது முதலாவது. ஐக்கிய அமெரிக்காவில் 1983 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஓர் ஆலோசனை நிலையம், இத்தகைய வசதிகளைச் செய்துகொடுத்த நிறுவனங்களைப் பல்லாண்டுகளாக வினவி வந்திருக்கிறது. ஏறக்குறையப் பாதி வசதிகளுக்கு எவ்விதச் செலவும் ஏற்படவில்லை என்பதே கிடைத்த விடை. மேசையை இடம் மாற்றுதல், வேலைநேரத்தை மாற்றுதல், எழுதிக் கொடுத்தல் என்பனவற்றுக்குச் செலவு ஏது?

மற்றவர்கள் முணுமுணுப்பர் என்பது இரண்டாவது ஆட்சேபம். மூக்குக்கண்ணாடி அணிந்தவரைப் பார்த்து, அவருக்கு மட்டும் ஏன் அச்சலுகை என்று எவரும் கேட்பதில்லை. மின்விளக்கை எரியவிட்டு வேலை செய்வோர், விளக்குத் தேவைப்படாத பார்வையற்றவரிடமிருந்து பார்க்கும்போது, தாமும் ஒரு வசதியைப் பெற்றே வேலை செய்கின்றனர். எல்லோருக்கும் பழகிப்போன வசதி வசதியாகத் தோன்றுவதில்லை. பழகாததே சலுகையாகத் தோன்றுகின்றது.

எல்லா வேலைகளையும் எல்லோருக்கும் கொடுக்க முடியுமா என்பது மூன்றாவது. முடியாது, சட்டமும் அதனைக் கேட்கவில்லை. பார்வையற்றவரிடம் பஸ்ஸை ஒப்படைக்குமாறு எவரும் கூறார். நியாயமான என்ற சொல் அதற்காகவே இடப்பட்டது. வேலையின் உயிர்நிலையான பகுதியை, வேண்டிய வசதி அளித்தபின்னும் ஒருவராற் செய்ய இயலாதாயின், அல்லது அவ்வசதி நிறுவனத்தால் தாங்கவொண்ணாச் சுமையாகுமாயின், மறுப்பதற்கு இடமுண்டு. ஆனால், வசதியைச் செய்து பாராமலும், விண்ணப்பித்தவரை ஒரு வார்த்தை வினவாமலும், இயலாது என்று முன்கூட்டியே எழுதிவிடுவதற்கு இடமில்லை.

இவ்விடயம் ஏற்கெனவே வேலையிலிருப்போருக்கும் உரியது. இன்று மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறும் உத்தியோகத்தர், நாளை நீரிழிவினால் ஒரு காலை இழக்கலாம். பக்கவாதத்தால் வலக்கை சோரலாம். ஐம்பது வயதிற் கண்ணொளி மங்கலாம். இருபது ஆண்டு அனுபவம் அவரிடம் இருக்கின்றது. எந்தக் கோப்பு எங்கே இருக்கின்றது, எந்த விதி எப்பொழுது மாறியது என்பதெல்லாம் அவர் நினைவில் உள்ளன. அவரை மருத்துவக் காரணங்காட்டி வீட்டுக்கு அனுப்புவது எளிது. அவருடைய மேசையைக் கீழே இறக்கி, கணினிக்குக் குரல் கொடுத்து, அவரை இருத்திக்கொள்வது அதனினும் பயனுடையது. வீட்டுக்கு அனுப்பப்படுபவர் சம்பளத்தை மட்டும் இழப்பதில்லை. காலையில் எழுந்து செல்வதற்கு ஓரிடமும், தம் சொல்லைக் கேட்பதற்கு நால்வரும் அவருக்கு இல்லாமற் போகின்றனர்.

ஆதலின், அலுவலகத் தலைவர்களும் பாடசாலை அதிபர்களும் கடை முதலாளிமாரும் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, வலது குறைந்த ஊழியர் ஒருவர் வரும்போது, அவருக்கு யாது வேண்டும் என்பதைப் பிறரிடம் கேளாது அவரிடமே கேட்டல். தம் உடலோடு வாழ்ந்து பழகியவர் அவரே. எளிய வழியையும் அவரே அறிவார். இரண்டாவது, செய்துகொடுத்த வசதி பயன்படுகின்றதா என்று ஓரிரு மாதங்களின் பின் மீண்டும் கேட்டல். மூன்றாவது, வசதியைச் செய்தபின், மற்றவர்களிடம் எதிர்பார்க்கும் அதே வேலையை அவரிடமும் எதிர்பார்த்தல். பிழை செய்யின் மற்றவர்களைப் போலவே திருத்துதல். எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் மதிப்பும் இராது.

பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. பிள்ளை வெளியே சென்றால் இடர்ப்படும் என்று அஞ்சி வீட்டோடு வைத்திருப்பது இயல்பான பாசமே. எனினும், சமூக சேவைத் திணைக்களம் சீதுவை முதலிய இடங்களில் நடத்தும் தொழிற்பயிற்சி நிலையங்களைப் பற்றியும், பிரதேச செயலகங்களில் உள்ள சமூக சேவை அதிகாரிகளைப் பற்றியும் விசாரித்தறிந்து, பிள்ளையைத் தொழிலுக்கு ஆயத்தஞ் செய்வது அப்பாசத்தின் முதிர்ந்த நிலையாகும்.

இரட்டைப் புலவர் இருவரும் ஒருவருக்கொருவர் வாய்த்தமை நற்பேறு. அத்தகைய நற்பேற்றை எதிர்பார்த்து ஒவ்வொருவரும் காத்திருத்தல் இயலாது. தோள் கொடுப்பதற்கு நண்பர் வாய்க்காத இடத்தில், ஆறடிச் சாய்தளமும், ஒருங்குறியில் எழுதிய கடிதமும், மின்னும் சிவப்பு விளக்கும் அத்தோளாக நிற்கவேண்டும். அவற்றை அமைத்துக் கொடுத்தல் சட்டத்தின் கட்டளை. அதனினும் மேலாக, உடன் வாழ்வோரின் கடமை.